10 கி.மீ. கடல் நீச்சலுக்கு இருபது வாரம் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

#1 கரையோரம்

வணக்கம். வயது 41. ஆறு வருடமாக 25 மீட்டர் நீச்சல் குளத்தில் வாரம் மூன்று நாள் நீந்துகிறேன். ஃப்ரீஸ்டைல் மட்டும்தான் தெரியும். மூன்று கிலோமீட்டரை நிறுத்தாமல் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிப்பேன். அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை.

இப்போது ஒரு 10 கி.மீ. கடல் நீச்சலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வெட்சூட் (உடம்பைக் குளிரிலிருந்து காக்கும் ரப்பர் உடை) கிடையாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, அவ்வளவுதான். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கயாக் (துடுப்புப் போடும் ஒல்லியான சிறு படகு) வரலாம், எல்லாருக்குமாகச் சேர்த்து இரண்டு மோட்டார் படகு. படகையோ கயாக்கையோ பிடித்தால் நீச்சல் அதோடு முடிந்தது. என் கயாக்கில் தம்பி வருகிறான். துடுப்பு நன்றாகப் போடுவான், நெடுந்தூர நீச்சலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எனக்கு மூன்று கவலை. தூரத்தை எப்படிக் கூட்டுவது? இரண்டரை கிலோமீட்டர் தாண்டினால் வலது தோள் வலிக்கிறது, அதற்கு என்ன செய்வது? மூன்றாவதை எழுதவே தயக்கமாக இருக்கிறது: அடி தெரியாத தண்ணீரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பத்து வயதிலிருந்தே அப்படித்தான்.

#2 நெடுநீர்

வரவேற்கிறேன் அம்மா. நான் 10 முதல் 25 கி.மீ. வரை சில நீச்சல்கள் முடித்திருக்கிறேன், இரண்டை முடிக்காமல் படகில் ஏறியும் இருக்கிறேன்.

முதலில் உங்கள் வேகம் என்ன என்று தெரிய வேண்டும். மூன்று கி.மீ.யை முடித்த நேரம் போதாது. ஒரு நாள் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்துங்கள். பத்து நிமிடம் ஆறிவிட்டு 200 மீட்டர், அதுவும் முழு முயற்சி. முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கு ஒரு நேரம் வரும். உதாரணத்துக்கு 400க்கு 9:20, 200க்கு 4:30 என்றால் மிச்சம் 4:50, பாதி 2:25. மூச்சு கட்டுக்குள் இருக்கும்படி நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகத்தின் மேல்விளிம்பு ஏறக்குறைய அதுதான். பத்து கிலோமீட்டரை அதைவிட 100க்கு எட்டு, பத்து வினாடி மெதுவாக நீந்தத் திட்டமிடுங்கள். 2:35 என்று வைத்தால் நான்கு மணி பதினெட்டு நிமிடம். நடுவில் குடிக்கும் நேரம் தனி.

இப்போது வாரத்துக்கு ஒன்பது கி.மீ. நீந்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான்காவது நாள் ஒன்றைச் சேர்த்து, வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், பதினைந்தாவது வாரத்தில் 20 கி.மீ.யைத் தொட்டால் போதும். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் கண்டிப்பாக இறக்குங்கள். உடம்பு தேறுவது அந்த இறக்கத்தில்தான். நான்கு நாளில் ஒன்று நீண்ட நீச்சல், ஒன்று வேக நீச்சல் (200 மீட்டர் பத்து முறை, நடுவில் 20 வினாடி ஓய்வு), மற்ற இரண்டும் நிதானமாக. நீண்ட நீச்சல் 7, 8 கி.மீ. வரை போனால் போதும். பத்தையும் முன்கூட்டியே நீந்திப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

#3 ஆயிரம்லேப்

நெடுநீர் அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். முதல் தடவை போகிறவர் பத்து கி.மீ.யை ஒரு முறையாவது குளத்தில் நீந்தியிருக்க வேண்டும். உடம்புக்காகச் சொல்லவில்லை, மனசுக்காக. எட்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் "இதற்கு மேல் நான் போனதே இல்லை" என்கிற நினைப்பு வரும். அது கையைத் தளர்த்திவிடும். 400 லேப் (குளத்தின் ஒரு நீளம் ஒரு லேப்). நான் செய்தேன். எண்ணிக்கை தப்பாமலிருக்க நூறு லேப்புக்கு ஒரு போத்தலைக் கரையில் நகர்த்தி வைத்தேன்.

சுவரை உதைத்துத் திரும்புவதையும் வாரம் ஒரு நாளாவது விடுங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு உதையும் நான்கைந்து மீட்டர் இனாமாகக் கொடுக்கிறது. கடலில் சுவர் இல்லை. சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே தொடாமல் திரும்பி நீந்திப் பாருங்கள், மூன்று கி.மீ. எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

#4 மெதுவாக

தோள் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவன் நான்.

உங்கள் வலது கை தண்ணீருக்குள் இறங்கும்போது தலைக்கு நேர் முன்னால், நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகிறதா என்று யாரையாவது முன்னாலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் முதலில் குத்துகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் தோள் மூட்டுக்குள் தசைநாண் ஒவ்வொரு வீச்சிலும் நசுங்கும். ஒரு வீச்சுக்கு ஒன்றும் தெரியாது. பத்து கி.மீ.க்குள் ஒரு கைக்கு ஐயாயிரம் வீச்சுக்கு மேல் வரும். தோளுக்கு நேராகக் கையை இறக்குங்கள், விரல்நுனி முதலில், உள்ளங்கை கீழ்நோக்கி.

இன்னொன்று, நீங்கள் ஒரே பக்கம் மூச்சு எடுப்பவரா? வலி வரும் தோள் பல நேரம் அதற்கு எதிர்ப்பக்கத்துத் தோளாக இருக்கும். தலையைத் திருப்பி மூச்சு வாங்கும் நேரமெல்லாம் முன்னால் நீட்டிய அந்தக் கைதான் உடம்பைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் பழகுங்கள். கடலில் அலையும் வெயிலும் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் மறுபக்கம்தான் உங்களுக்கு மூச்சு.

ரப்பர் பட்டை கொண்டு தோளை வெளிப்பக்கம் சுழற்றும் பயிற்சி, வாரம் மூன்று நாள். குளத்துக்குப் போகாத நாளிலும் விடாதீர்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

#5 பாக்குநீர்

கடலைப் பற்றி ஒருத்தரும் இன்னும் கதைக்கேல்லை, அதான் எழுதுறன் தங்கச்சி.

குளத்தில பத்துக் கிலோமீற்றர் எண்டா பத்துத்தான். கடலில அது எட்டாவும் இருக்கும், பதின்மூண்டாவும் இருக்கும். உங்கட வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 2.3 கிலோமீற்றர். எதிர் நீரோட்டம் அரைக் கிலோமீற்றர் இருந்தாலே போதும், நீங்கள் 1.8 இலதான் போவியள். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் பிறகு ஒண்டு ரெண்டு நாள் நீரோட்டம் பலமா இருக்கும், அரைச் சந்திரன் நேரம் அடங்கி இருக்கும். ஆங்கிலக் கால்வாய் நீந்திற ஆக்களுக்கும் பெரும்பாலும் அந்த அடங்கின நாளுகளைத்தான் குறிக்கிறவை. உங்கட நாள் எதில விழுது எண்டு இப்பவே பாருங்கோ. நாளை மாத்த ஏலாது, ஆனா மனசில எத்தினை மணித்தியாலம் எண்ட கணக்கை மாத்தலாம்.

எங்கட ஆக்களில மு. நவரத்தினசாமி 1954 இல பாக்குநீரிணையைக் கடந்தவர். குமார் ஆனந்தன் 1971 இல வல்வெட்டித்துறையில இருந்து கோடியக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தவர், 51 மணித்தியாலம். அந்தக் கடலை வரைபடத்தில அளந்து பாத்தா 51 மணித்தியாலம் ஏன் எண்டு விளங்காது. நீரோட்டம் விட்டாத்தான் போகலாம்.

திசை பாக்கிறதுக்கு: முழுத் தலையையும் தூக்காதேங்கோ, தூக்கினா இடுப்பு தாழும். முதலை மாதிரிக் கண் மட்டும் தண்ணிக்கு மேல வரோணும், பாத்த உடன தலையைப் பக்கவாட்டில திருப்பி மூச்சு. பத்துப் பன்ரண்டு வீச்சுக்கு ஒருக்காப் பாத்தாப் போதும். கயாக் பக்கத்தில இருந்தா அதுவும் வேண்டாம். தம்பியைப் பாத்து நீந்துங்கோ, கரையைத் தம்பி பாக்கட்டும்.

#6 கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. சோதனை செய்தேன்: 9:26, 4:34. அண்ணா உதாரணத்துக்குச் சொன்னதிலிருந்து ஒரு வினாடிதான் கூட. என்னைக் குளத்தோரம் நின்று பார்த்தது போல இருந்தது. படமும் எடுத்துப் பார்த்தேன். மெதுவாக சொன்னது சரி, வலது கை நடுக்கோட்டைத் தாண்டித்தான் இறங்குகிறது, மூச்சு எப்போதும் இடப்பக்கம்தான்.

#7 கரையோரம் (ஆறாவது வாரம்)

முதல் தடவை கடலில் இறங்கினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கரையிலிருந்து இருநூறு மீட்டர் வரை மணல் தெரிந்தது. அதன் பிறகு பச்சை, அப்புறம் வெறும் இருட்டு. மூச்சு மேலே மேலே ஓடியது. தலையை உள்ளே வைக்கவே முடியவில்லை. தம்பி கயாக்கிலிருந்து "அக்கா, என்னைப் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இருபது நிமிடம் மல்லாந்து மிதந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். 5 கி.மீ. குளத்தில் சிரமமில்லாமல் முடித்த அதே வாரம் இது. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

#8 நெடுநீர்

விட வேண்டாம். நீங்கள் செய்தது சரியான காரியம்: மல்லாந்து மிதந்தீர்கள், மூச்சு அடங்கும்வரை காத்திருந்தீர்கள், திரும்பினீர்கள். பயத்தை எதிர்த்துப் பாய்ந்து நீந்தியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அடுத்த முறை தூரம் போக வேண்டாம். மணல் தெரியும் இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவே உள்ள அந்தக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதைத் தாண்டி இருபது வீச்சு, திரும்பி வாருங்கள். நாற்பது வீச்சு, திரும்பி வாருங்கள். ஒரு மணி நேரம் அதையே செய்யுங்கள். கண்ணைத் தண்ணீருக்கடியில் அலைய விடாமல், முன்னால் நீட்டிய கையின் மணிக்கட்டைப் பாருங்கள். தண்ணீருக்குள் மூச்சை அடக்காமல் நன்றாகக் குமிழ் விடுங்கள். பதற்றம் வந்தால் நாம் முதலில் மறப்பது மூச்சை வெளியே விடுவதைத்தான். நெஞ்சில் பழைய காற்று நிறைந்திருக்கும்போது புதுக்காற்று உள்ளே போகாது, திணறுவது போலவே இருக்கும்.

#9 உப்புக்காற்று

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர், கடலிலும் நீந்துகிறேன். ஒரு விளக்கம் சேர்க்கிறேன்.

தண்ணீர் தோலைவிடக் குளிராக இருந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தானாகவே வேகமாகும். அது உடம்பின் எதிர்வினை, கோழைத்தனம் இல்லை. பயத்தையும் அதையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். முகத்தையும் கழுத்தையும் முதலில் நனைத்து, இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் நின்று மூச்சு அடங்கியபின் நீந்தத் தொடங்குங்கள். நாலைந்து முறை இறங்கினால் அந்த எதிர்வினை நன்றாகக் குறைந்துவிடும்.

ஆனால் ஒன்று. நீந்தும்போது இருமல் வந்து, மூச்சு வாங்கி, நுரைத்த சளியோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் அது பயமும் இல்லை, கடல்நீர் புரையேறியதும் இல்லை. நீந்துபவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு, நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும் வரும். அப்போது உடனே ஏற வேண்டும், யோசிக்கவே கூடாது.

#10 கரையோரம் (பதின்மூன்றாவது வாரம்)

அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன்! நான்கு ஞாயிறு அதையே செய்தேன். இப்போது இருட்டுத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போக முடிகிறது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நீந்துகிறேன்.

புதுப் பிரச்சினை. போன ஞாயிறு 7 கி.மீ. போகத் திட்டம். மணிக்கு 90 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும் என்று எங்கோ படித்து, மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி 90 கிராமை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து மணிக்கு ஒரு போத்தல் குடித்தேன். இரண்டரை மணி நேரத்தில் வயிறு கல் போல் ஆனது. மூன்று தடவை வாந்தி. நாக்கு வீங்கித் தடித்துவிட்டது. கழுத்தில் நீச்சலுடைப் பட்டி உரசி ரத்தம். 5.5 கி.மீ.யில் ஏறிவிட்டேன்.

#11 ஆயிரம்லேப்

அது குடிக்கிற பானம் இல்லை, பாகு. 300 மி.லி.யில் 90 கிராம் என்றால் முப்பது சதவீதம். அவ்வளவு அடர்த்தியாக இருந்தால் இரைப்பை அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கடல்நீரும் விழுங்கியிருப்பீர்கள். மணிக்கு 60 கிராமே இந்தத் தூரத்துக்குத் தாராளம். அரைமணிக்கு ஒருமுறை 30 கிராம், 250 முதல் 300 மி.லி.யில். 90 கிராம் வேண்டுமானால் குளுக்கோஸ் வகையோடு (உங்கள் மால்டோடெக்ஸ்ட்ரின் அந்த வகைதான்) ஃப்ரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரையும் கலந்திருக்க வேண்டும், வயிற்றையும் பல வாரம் பழக்கியிருக்க வேண்டும்.

குடிக்கும்போது நிமிர்ந்து நிற்காதீர்கள், மல்லாந்து குடியுங்கள். போத்தலைக் கயிற்றில் கட்டி வீசச் சொல்லுங்கள். முப்பது வினாடியில் குடித்துவிட்டுப் போய்விட வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் நின்றால் எட்டு முறைக்குப் பதினாறு நிமிடம், அவ்வளவு நேரமும் நீரோட்டம் உங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

#12 பாக்குநீர்

நாக்குக்கு: வாய் கொப்பளிக்கிற மருந்தைத் தண்ணி சேர்த்து ஒரு சின்னப் போத்தலில வையுங்கோ, மணிக்கு ஒருக்கா கொப்பளிச்சுத் துப்புங்கோ. உப்பு நாக்கைத் திண்டுபோடும். உரசிற இடத்துக்கு லனோலின் கலந்த கிரீஸ் நல்லது, வாசலின் அலையில கெதியாக் கழுவுப்பட்டுப் போகும். கழுத்து, கம்மக்கட்டு, பட்டி படுகிற இடமெல்லாம் பூசுங்கோ. கையுறை போட்டுத் தம்பி பூசி விடட்டும். உங்கட கையில பட்டு அது கண்ணாடியில ஒட்டிச்சுதோ, பிறகு முழு நீச்சலும் புகைக்குள்ளதான்.

#13 கயாக்தம்பி

வணக்கம். நான் மேலே சொன்ன அக்காவின் தம்பி. இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். என் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அதனால் கணக்குத் தொடங்கி நானே கேட்கிறேன்.

போன ஞாயிறு அக்கா இரண்டாவது தடவை வாந்தி எடுத்தபோது "போதும், ஏறு" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னாள். அப்புறம் அவளாகவே ஏறினாள். அவள் ஏறாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் தொட்டால் அவளுடைய இருபது வாரமும் போச்சு. தொடாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

#14 நெடுநீர்

தம்பி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீருக்குள் இருப்பவர் தன் நிலையைத் தானே எடைபோட முடியாது. குளிரும் களைப்பும் கையை மட்டுமல்ல, மூளையையும் பிடிக்கும். நான் முடிக்காமல் ஏறிய இரண்டில் ஒன்றில், ஏறிய நினைவே எனக்கு இல்லை. அதுவரை "நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். அதனால் நிறுத்தும் உரிமை படகில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும்.

#15 ஆயிரம்லேப்

இதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கெர்ட்ரூட் எடர்லி 1925ல் ஆங்கிலக் கால்வாயில் நீந்திக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளரின் சொல்லின்பேரில் இன்னொருவர் அவரைத் தொட்டுத் தூக்கிவிட்டார். தான் சும்மா இளைப்பாறிக்கொண்டிருந்ததாகவே எடர்லி கடைசிவரை சொன்னார். மறுவருடம் 1926ல் வேறு பயிற்சியாளரோடு போய், பதினான்கரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக் கடந்தார். அந்தக் கால்வாயைக் கடந்த முதல் பெண். அதற்கு முன் கடந்த ஆண்கள் அத்தனை பேரையும்விட வேகமாக. படகில் இருப்பவர் பயந்த சுபாவமாக இருந்தால் நீந்துபவர் ஒன்றுமே முடிக்க முடியாது.

#16 உப்புக்காற்று

எடர்லி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கி.மீ. உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃப்ரான் கிரிப்பன் இறந்துபோனார். வெதுவெதுப்பான கடல். உலகத் தரத்து வீரர், 26 வயது. மற்றவர்கள் முடித்துக் கரையேறிய பிறகுதான் அவரைக் காணவில்லை என்பது தெரிந்தது. இப்போது சர்வதேசப் போட்டிகளில் தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழோ 31 டிகிரிக்கு மேலோ இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி இருந்தாலும் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

#17 பாக்குநீர்

நான் மேல சொன்ன குமார் ஆனந்தன் 1984 இல ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய்த்தான் இறந்தவர். 51 மணித்தியாலம் நீந்தின மனுசன். அவரை விடப் பலசாலி எண்டு எங்களில ஆர் சொல்லுவினம்? பலத்தைப் பாத்து நம்பியிருக்க ஏலாது, அவ்வளவுதான்.

#18 உப்புக்காற்று

கயாக்தம்பிக்கு நேரடியாக எழுதுகிறேன்.

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கவே கேட்காதே. அதற்கு எந்த நிலையிலும் ஒரே பதில்தான் வரும். யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேள், பதில் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். பாட்டி பெயர், பிறந்த நாள் எல்லாம் மூளை குழம்பிய பிறகும் வரும். சற்று முன் நடந்தது எது என்பதுதான் முதலில் தப்பும்.

அடுத்தது கைவீச்சு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்று அரைமணிக்கு ஒருமுறை எண்ணி எழுது. முதல் மணி நேரத்து எண்ணிக்கைதான் அடிப்படை. களைப்பில் மெல்ல மெல்ல நாலைந்து குறைவது சகஜம். திடீரென்று இறங்கினால் குளிர் அல்லது சர்க்கரைக் குறைவு. உதடு நீலம், விரல்கள் விரிந்து மடங்காமல் போவது, நேராகப் போகாமல் கயாக்கை விட்டு விலகி விலகிப் போவது, குடிக்கும்போது போத்தலைத் தவறவிடுவது, பேச்சுக் குழறல், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இரு.

நீயே கயாக்கிலிருந்து தூக்க முயலாதே, கவிழ்ந்துவிடும். அவள் கயாக்கின் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும், விசில் ஊதி மோட்டார் படகைக் கூப்பிடு. நீண்ட நேரம் குளிர்நீரில் இருந்தவரை முடிந்தவரை படுத்த வாக்கில் ஏற்ற வேண்டும், செங்குத்தாகத் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். ஏறியபிறகும் பத்து இருபது நிமிடம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரத்தை மாற்று, துடை, போர்த்து, தலைக்குத் தொப்பி. வெந்நீர்க் குளியல் வேண்டாம், கைகால் தேய்த்துவிட வேண்டாம்.

#19 ஆயிரம்லேப்

டாக்டர் எழுதியதைப் படித்தபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். படகில் இருப்பவர் தன் பயத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது, நீந்துபவர் தன் ஆசையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு பேரும் கரையில் தெளிவாக இருக்கும்போதே எண்ணிக்கையில் எழுதி வைத்துவிட்டால் எடர்லிக்கு நடந்தது நடக்காது. இதற்கு நான் சம்மதம்.

#20 கரையோரம்

நேற்று இரவு நானும் தம்பியும் உட்கார்ந்து எழுதினோம். என் அடிப்படை 58 வீச்சு. பத்து குறைந்தால் அவன் ஒரு போத்தல் கொடுத்துப் பத்து நிமிடம் பார்ப்பான். எண்ணிக்கை மறுபடி கூடவில்லையென்றால் நிறுத்துவான். கேள்வியை அவனே கண்டுபிடித்தான்: ஒரு சிவப்புப் போத்தல், ஒரு நீலப் போத்தல் வைத்திருக்கிறான். எந்த வரிசையில் கொடுப்பான் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் "போன தடவை என்ன நிறம்?" என்று கேட்பான். தொடர்ந்து இரண்டு தடவை தப்பினால் நிறுத்தம். வாந்தி என்றால் மூன்றாவதில் நிறுத்தம். நான் வேண்டாம் என்று சொன்னாலும் நிறுத்த வேண்டும் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான். அவன் கை நடுங்கியது.

#21 கரையோரம் (பத்தொன்பதாவது வாரம்)

7.5 கி.மீ. முடித்தேன், குளத்தில் அல்ல, கடலில். தண்ணீர் 26 டிகிரி. வாந்தி இல்லை, தோள் வலி இல்லை, எல்லா நிறமும் சரி. ஆயிரம்லேப் சொன்ன பத்து கி.மீ.யைக் குளத்தில் முயலவில்லை, நேரம் அமையவில்லை. அடுத்த ஞாயிறு நீச்சல்.

#22 கயாக்தம்பி

நேற்று நீச்சல் நடந்தது. அக்கா எழுதும் நிலையில் இல்லை, தூங்குகிறாள். நன்றாக இருக்கிறாள். நான் குறித்து வைத்ததை இங்கே போடுகிறேன் (நேரம், நிமிடத்துக்கு எத்தனை வீச்சு, போத்தல் நிறத்துக்கு அவள் சொன்ன பதில்).

இரண்டு நாளாகக் கரையிலிருந்து கடல் பக்கம் பலமான காற்று. தண்ணீர் 21 டிகிரிக்கு இறங்கியிருந்தது. மேகமூட்டம்.

0:30, 58, (முதல் போத்தல், கேள்வி இல்லை).
1:00, 58, நிறம் சரி.
1:30, 57, சரி.
2:00, 57, சரி.
2:30, 56, சரி. "குளிருது" என்றாள்.
3:00, 54, சரி, ஆனால் யோசித்துச் சொன்னாள்.
3:30, 51, தப்பு.
3:45, 48. போத்தலை முன்கூட்டியே கொடுத்தேன். நிறம் தப்பு. போத்தல் கையிலிருந்து நழுவியது.

அதற்கு மேல் பத்து நிமிடம் காத்திருக்கவில்லை. 8.3 கி.மீ. விசில் ஊதினேன். "ஏன்டா, ஏன்டா" என்று இரண்டு தடவை கேட்டாள். படகில் ஏறிய பிறகு பதினைந்து நிமிடம் பயங்கரமாக நடுங்கினாள். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டாள்.

கரை தெரிந்தது. ஒன்றே முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. நான் செய்தது சரியா?

#23 உப்புக்காற்று

சரி. இரண்டு அளவுகோலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கின்றன. காத்திருக்காததும் சரி. அந்த வேகத்தில் மிச்சத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். இன்று முழுக்க ஓய்வு, இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனை.

#24 பாக்குநீர்

தம்பி, நல்லாச் செய்தனீர். அந்தக் காத்து மேல்தண்ணியைக் கடலுக்குத் தள்ளிப்போடும், அடியில இருக்கிற குளிர்தண்ணி மேல வந்திடும். ரெண்டு நாளில அஞ்சு பாகை இறங்கிறது நடக்கிற விசயம்தான். அடுத்த முறை காத்துத் திசையை மூண்டு நாளைக்கு முன்னமே பாக்கோணும்.

#25 கரையோரம்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். தம்பியின் குறிப்பைப் பல தடவை படித்தேன். 3:00க்குப் பிறகு எதுவும் எனக்கு நினைவில்லை. "ஏன்டா" என்று கேட்டதும் நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது, கை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்பதுதான். நான் வேகமாகப் போவதாகக்கூட நினைத்தேன்.

முதல் நாள் அழுதேன். அவனோடு பேசவில்லை. நேற்று அவன் முன்னால் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம், என் கையெழுத்து கீழே இருக்கிறது. அவனுக்கு நன்றி சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

அடுத்த வருடம் மறுபடி போகிறேன், அவன்தான் கயாக்கில். எனக்கு இப்போது ஒரே கேள்வி: உடம்பைக் குளிருக்குப் பழக்குவது எப்படி, எவ்வளவு காலம் ஆகும்?

#26 நெடுநீர்

எழுதுகிறேன் அம்மா, நிறைய இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவு: ஒரு மாதம் முழு ஓய்வு வேண்டாம், வாரம் இரண்டு நாள் குளத்தில் நிதானமாகப் போய்க்கொண்டே இருங்கள். கடல் குளிர்ந்து வரும் பருவத்தில் நிறுத்தாமல் வாரம் இரண்டு முறை இறங்குங்கள், பதினைந்து நிமிடத்தில் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். நடுக்கம் தொடங்குவதற்கு முன் ஏறிவிட வேண்டும், தம்பி கரையில் இருக்க வேண்டும். 21 டிகிரியில் நான்கரை மணி நேரம் தாங்க, அதே குளிரில் மூன்று மணி நேரம் சிரமமில்லாமல் நீந்திப் பார்த்திருக்க வேண்டும். சூடான பானம் இரண்டாவது மணியிலிருந்தே. கொஞ்சம் எடை கூடினாலும் பயப்படாதீர்கள், இந்தக் கடலுக்கு அது உதவும்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: மூன்றாவது நிறத்தில் ஒரு போத்தல் வாங்கட்டும். இரண்டு நிறம் என்றால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகிவிடும்.